ஏரி பொழிந்த பனி

வங்கக் கடலைக் கடந்து வரும் வாடைக் காற்று எமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையைப் பொழிவிக்கின்றது. நிலத்திலிருந்து வறண்டு புறப்படும் அக்காற்று, வழியிற் கடல்நீரை ஆவியாகக் கவர்ந்தே மழை தருகின்றது என்பதை நாம் புவியியற் பாடத்திற் கற்றுள்ளோம். இதே நியதி, குளிர்மிக்க வட அமெரிக்காவிலே, மழைக்குப் பதிலாக ஆளுயரப் பனியைக் கொண்டுவந்து குவிக்கின்றது. அதனைச் சிறிது ஆராய்வாம்.

ஐக்கிய அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் இடையிற் கிடக்கும் பேரேரிகளுள் ஈரி ஏரியும் ஒன்று. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 240 மைல் நீண்டு கிடக்கும் இவ்வேரியின் கீழ்த்திசை முனையிலே பஃபலோ நகரம் அமைந்துள்ளது. கோடையிற் பெற்ற வெப்பத்தை நீர் விரைவில் இழப்பதில்லை. ஆதலின், குளிர்காலத் தொடக்கத்தில் வடதுருவப் பக்கத்துக் காற்று வந்து வீசும்போதும், ஏரிநீர் அக்காற்றினும் வெம்மையுடையதாகவே இருக்கும். அந்நீரின்மேற் செல்லும் காற்று அடியிற் சூடேறி, நீராவியைக் கவர்ந்து, மேலெழுந்து, முகிலாகிப் பனியாய்ச் சொரியும். இதற்கு, ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்திலுள்ள காற்றைவிட நீர்ப்பரப்பு 13 செல்சியசுப் பாகையேனும் வெப்பங் கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது வானிலை அறிஞர் கொள்ளும் பொது அளவு. எனவே, இப்பனிக்குக் காரணம் குளிர் மட்டுமன்று. நீர் சேமித்து வைத்த வெப்பமுமாம். ஏரி உறைந்துவிட்டால் ஆவியின் வரத்துக் குறைந்து, இவ்வகைப் பனியும் பெரிதும் தணியும்.

காற்று ஏரியின் நெடுக்கு வழியே வீசும்போது முகில்கள் ஒடுங்கிய பட்டையாகத் திரளும். 2014 நவெம்பரிலே பஃபலோவின் தென்புற ஊர்கள் சிலவற்றில் 5 அடிக்கு மேற் பனி விழுந்தது. சில மைல் வடக்கேயோ சில அங்குலமே விழுந்தது.

ஏரியின் ஆவியொன்றாலே விளையும் பனி ஒரு வகை. வேறிடத்திற் பிறந்த பெரும்புயல் ஏரியாலும் வலிவு பெறுதல் அதனினும் கொடிது. 2022 டிசெம்பர் 23ஆம் நாள் பஃபலோவைத் தாக்கிய பனிப்புயலில், கண்டத்தைக் கடந்து வந்த புயலின் கடுங்காற்றும், உறையாதிருந்த ஏரியின் ஆவியும் ஒருங்கு சேர்ந்தன. காற்று மணிக்கு 70 மைல் வேகத்தை எட்டியது. பனிப்புயல் நிலை விமான நிலையத்தில் 37 மணி நேரம் நீடித்தது. ஐந்து நாளில் அங்கு ஏறத்தாழ 52 அங்குலப் பனி விழுந்தது.

தீயணைப்பு வண்டிகளும் நோயாளர் வண்டிகளும் பனியிற் புதைந்து நின்றன. வாகனங்களுக்குள்ளும், வெப்பமற்ற வீடுகளுக்குள்ளும், தெருவிலும், உதவி வந்து சேராமையாலும் 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். நகர மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே கறுப்பினத்தவர்; எனினும் நகரத்தில் இறந்தோருட் பெரும்பாலோர் அவர்களே. பனி எவ்வீட்டையும் தெரிந்து விழவில்லை. ஆயினும் வசதி குறைந்த வீட்டையே அது வலிதாய்த் தாக்கியது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்புயல் வருமென வானிலை நிலையத்தார் பல நாள் முன்னரே எச்சரித்திருந்தனர். ஆனால், வாகனங்கள் ஓடலாகாதென்ற தடை 23ஆம் நாட் காலையில், பலர் வேலைக்குச் சென்ற பின்னரே பிறந்தது. ஏரியின் இயல்பை அறிந்தோர் அறிந்தே இருந்தனர். அவ்வறிவு வாயிற்படி தாண்டுவோனை உரிய வேளையிற் சென்றடையவில்லை.

பேரேரிகளின் கரைகளிலே, ரொறன்ரோ முதலிய நகரங்களில், எம்மவர் பலர் இன்று வாழ்கின்றனர். ஆதலின் இஃது எமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. நாளை வானிலையைக் கற்கவும், அலுவலகங்களிலிருந்து ஆணை பிறப்பிக்கவும் போகும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக. முன்னறிந்து கூறுதல் பாதிப் பணியே. அறிந்ததைக் காலந் தாழ்த்தாது கடைசி வீட்டிற்கும் கொண்டு சேர்த்தல் மற்றைப் பாதியாகும்.