உங்களுக்குத் தெரியுமா? புரதமே நோய் பரப்பும்!

1972-இல் சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சி மருத்துவராக இருந்த ஸ்டான்லி புரூசினரிடம் ஒரு பெண்மணி சிகிச்சைக்கு வந்தார். நினைவு தேய்ந்து, அன்றாட வேலைகளைக்கூடச் செய்யத் தடுமாறினார். குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் எனும் கொடிய மூளைநோய். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. புரூசினர் தேடத் தொடங்கினார்.

ஆடுகளைத் தாக்கும் இதே வகை நோயான 'ஸ்க்ரேபி'யைச் சுண்டெலிகளில் ஆராய்வது மாதக்கணக்கில் இழுத்தது. வெள்ளெலிகளுக்கு மாறியதும் வேலை சூடுபிடித்தது. மரபணுப் பொருளைச் சிதைத்தாலும் அசையாத அந்தத் தொற்று, புரதத்தைச் சிதைத்தால் வீரியம் இழந்தது! 1982-இல் அதற்குப் 'பிரியான்' என்று பெயரிட்டார். தவறாக மடிந்த இந்தப் புரதம், அருகிலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல மடித்துவிடுகிறது. மூளைத்திசு கடற்பஞ்சாய்த் துளைவிழுகிறது.

விஞ்ஞானிகள் பலர் ஏற்க மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு முழுவதும் அவர் ஒருவருக்கே கிடைத்தது.