பழைய அடுப்புக்குப் புதிய மேடை

அட்டப்பாடியின் அகளியில் மழைக்காலத்து ஈரவிறகு அடுக்களையைப் புகையால் நிரப்புதலை நாம் அறிவோம். புகையிற் பெரும்பகுதி எரியாமற்போன விறகே. அது கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். இதனைத் திருத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் ஆகியவற்றைப் பிசைந்து, பழைய மேடையின் விரிசல்களை அடைப்போம். விறகின் அடியிற் காற்றுப் புகக் கம்பித்தட்டு வைப்போம். பாத்திரம் அடுப்பு வாயிற் பொருந்தி அமரட்டும். பின்புறத்துப் புகைக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்துவோம். வெப்பக்காற்று இலேசாதலால் மேலெழுந்து புகையையும் ஈர்த்துச் செல்லும். கூரை ஓலையாயின் குழாயைச் சுற்றி இடைவெளியும் தகரத் தகடும் இன்றியமையாதன. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து 1980-களில் பரப்பிய ‘பரிஷத் அடுப்பு’ம் புகையைக் குழாய்வழி வெளியேற்றுவதே. குழாயிற் படியும் கரியை மாதந்தோறும் துடைப்போமாயின், நம் இல்லத்துப் பெண்டிர் கண்ணீரின்றிச் சமைப்பர்.