உங்களுக்குத் தெரியுமா? ஒரு விரல் போதும்!

சர்க்கரை நோயால் கால் நரம்பு உணர்விழந்திருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஆள்காட்டி விரல் போதும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் ஜெர்ரி ரேமன் என்ற மருத்துவரின் குழு உருவாக்கிய இந்தச் சோதனை, 2011-இல் மருத்துவ இதழில் வெளியானது.

சர்க்கரை உள்ளவர் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் 6 நுனிகள். ஒவ்வொன்றையும் ஓரிரு விநாடி, பட்டும் படாமலும் தொடுங்கள். தொட்டது தெரிந்ததும் அவர் ‘வலது’, ‘இடது’ என்று சொல்ல வேண்டும். அழுத்தவோ, தட்டவோ, தடவவோ கூடாது. அழுத்தினால் மரத்த விரலும் பதில் சொல்லிவிடும். அவர் பேசாமல் இருந்தால் “இன்னொரு தடவை பார்ப்போமா?” என்று மனமிரங்குவோம் இல்லையா? அதுவும் கூடாது. ஒரு விரலுக்கு ஒரே தொடுதல்தான்.

2 அல்லது அதற்கு மேற்பட்ட நுனிகளில் தெரியவில்லையென்றால் பாத உணர்வு குறைந்திருக்கலாம். மருத்துவமனைகளில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பார்ப்பார்கள். அந்த முடிவோடு இந்த விரல் சோதனை பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

எரிச்சல், மதமதப்பு எதுவும் இல்லாமலேகூட உணர்வு போகலாம். அப்போது செருப்புக்குள் கிடக்கும் கல்கூடத் தெரியாது. புண் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

ஆறும் சரியாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள்.