வலையின் கிழிசலை மூடுமாறு

குளிர்நாடுகளிற் பனி பெய்து வாயிலை அடைக்குங்கால், இல்லத்தார் நெருப்பருகே அமர்ந்து, கம்பளி நூல்கொண்டு அரிய பின்னல் வேலைகளை முயல்வது வழக்கம். ஸ்காத்லாந்துக்கு வடக்கேயுள்ள செட்லாந்துத் தீவுகளின் மகளிர் பின்னும் சால்வைகளுட் சில, கணையாழியினூடே இழுத்தால் முழுதும் வெளிவருமளவு மெல்லியன என்று புகழ்பெற்றவை. நம் தூத்துக்குடிக் கரையிற் பனி பெய்வதில்லை. ஆயினும், கடல் தன் வாயிலை அடைத்துக்கொள்ளும் நாட்கள் ஈண்டும் உண்டு. அந்நாட்களில் நம் கடற்றொழிலாளரும் நூலும் ஊசியும் எடுத்து, அருமையில் அச்சால்வைக்குக் குறையாததொரு வேலையில் அமர்கின்றனர். அதுவே வலை பழுதுபார்த்தல். அதன் இயல்பைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்து, துறைமுகத்திற் புயற்கூண்டு ஏற்றப்படுமாயின், படகுகள் கரையிலேயே நிற்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாட்களிற் காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, இம்மாவட்டமே வெள்ளத்தில் அடைபட்டுக் கிடந்ததை நாம் மறவோம். இஃதன்றி, மீனினம் பெருகும்பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் கடலிற் செல்லலாகாதென்னும் சட்டமும் உண்டு. 2017-ஆம் ஆண்டிற்கு முன் இத்தடை 45 நாட்களாக இருந்தது. கடலுக்கு ஓய்வளித்தல் நம்மவர்க்குப் புதிதன்று. முழுமதி நாளிற் பரதவர் மீன்பிடிக்கச் செல்லாதிருந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கலிலேயாக் கடற்கரையிற் செபெதேயுவின் குமாரர் அழைக்கப்பெற்றபோதும், அவர்கள் படகிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர் என மத்தேயு எழுதியுள்ளார்.

கம்பளிப் பின்னலுக்கும் வலைக்கும் உள்ள வேற்றுமை யாது? கம்பளிப் பின்னலில் முடிச்சே இல்லை. ஒரு வளையத்தினுள் மற்றொரு வளையம் நுழைந்து நிற்கும். ஆதலின் ஒரு கண் ஊசியினின்று நழுவினால், அதன் கீழுள்ள கண்களும் ஏணிப்படி போல் ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். வலையிலோ ஒவ்வொரு கண்ணும் நான்கு மூலையிலும் முடிச்சால் இறுகியுள்ளது. நெசவாளர் அறுந்த இழையை இணைக்க இடும் முடிச்சும் இதுவே. ஆதலின் ஓரிடத்தில் நூல் அறுந்தால், கேடு அவ்விடத்தோடு நிற்கும். பகைவர் ஒரு வாயிலை உடைத்தாலும் ஏனைய வாயில்கள் அடைத்தே நிற்கும் கோட்டை போல்வது வலை.

வலையின் கண்ணளவு மிக நுண்ணியதொரு கணக்கு. செவுள்வலையின் கண்ணில் மீன் தன் தலையை நுழைக்கும். உடல் பருத்திருத்தலால் முன்செல்ல இயலாது. பின்வாங்கினாற் செவுள் நூலில் மாட்டும். கண் சிறிது பெரிதாயின் மீன் கடந்து செல்லும். சிறிது சிறிதாயின் தலையே நுழையாது. ஆதலின் பழுதுபார்ப்போர் தாம் இடும் புதுக்கண்ணைப் பழங்கண்ணோடு ஒப்பிட்டு, விரலையே அளவுகோலாகக் கொண்டு முடிச்சிடுவர்.

இனி, கிழிசலை மூடும் முறையைக் காண்போம். கற்பார்க்கு வியப்பளிப்பது இதன் முதற்செயலே. கிழிசலை மூட வந்தவர் கத்தியை எடுத்து அதனை இன்னும் பெரிதாக வெட்டுகின்றார்! காரணம் இது: முழுமையான வலையில் ஒவ்வொரு முடிச்சினின்றும் நான்கு நூற்கால்கள் பிரியும். கிழிசலின் ஓரத்து முடிச்சுக்களிற் சிலவற்றிற்கு ஒரு காலும், சிலவற்றிற்கு இரண்டும், சிலவற்றிற்கு மூன்றுமாக எஞ்சியிருக்கும். இவ்வோரத்தை வெட்டி ஒழுங்குசெய்து, தொடங்கும் முடிச்சிற்கும் முடிக்கும் முடிச்சிற்கும் மும்மூன்று கால்களும், ஏனைய எல்லாவற்றிற்கும் இவ்விரண்டு கால்களும் நிற்கவிடுவர். புதுநூல் ஒரு முடிச்சினை அடைந்து மீண்டும் புறப்படுங்கால் இரண்டு கால்களைத் தருகின்றது. முன்னுள்ள இரண்டோடு நான்காகும். தொடங்குமிடத்திற் புறப்பாடு மட்டுமே உண்டு. முடியுமிடத்தில் வருகை மட்டுமே உண்டு. ஆதலின் அவ்விரண்டிடத்தும் ஒரு காலே குறைந்திருத்தல் வேண்டும். மூன்று கால் முடிச்சு வேறெங்கேனும் எஞ்சுமாயின், ஒரே நூலால் வேலை நிறைவேறாது.

18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணிதப் பேரறிஞர், கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும், ஒன்றையும் இருமுறை மிதியாது, கடக்க இயலுமா என ஆராய்ந்தார். ஒற்றைப்பட எண்ணிய பாலங்கள் கூடும் இடங்கள் இரண்டிற்கு மேற்பட்டால் அஃது இயலாதென நிறுவினார். அந்நகரில் அத்தகைய இடங்கள் நான்கு. ஏட்டில் எழுதப்பெற்ற இக்கணக்கும், நம் கரையில் ஊசி பிடித்த விரல்கள் அறிந்துள்ள கணக்கும் ஒன்றே.

இக்காலத்து வலைகள் நைலான் நூலால் இயந்திரங்களிற் பின்னப்படுகின்றன. இந்நூல் வழுவழுப்புடையதாகலின் முடிச்சு நழுவாதிருக்க இரட்டை முடிச்சும் இடுவர். ஆயின், கடலடிப் பாறையிற் சிக்கிக் கிழிந்த வலையை மூடுவது இன்றும் கைவேலையே. இதனை அறிந்தோர் குறைவராயின், கிழிந்த வலை கடலில் எறியப்படும். பருத்தி வலையாயின் நாளடைவில் மட்கும், நைலான் மட்குவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளிற் சிக்கி, ஆளின்றியே ஆமைகளையும் மீன்களையும் அது கொன்றுகொண்டிருக்கும். 1961-ஆம் ஆண்டோடு இக்கரையிற் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. எஞ்சிய கடல்வளமும் அவ்வாறே கழியாதிருத்தல் வேண்டும்.

ஆதலின் நண்பர்காள், கடல் ஓய்ந்த நாளிற் கரைப்பக்கம் செல்வீராயின், நிழலில் வலை விரித்து அமர்ந்திருப்போரைத் தொழிலின்றி இருப்போர் என எண்ணற்க. அருகமர்ந்து, அவர் எம்முடிச்சிற் தொடங்கி எம்முடிச்சில் முடிக்கின்றார் என எண்ணிப் பாருங்கள். பொறுமையுடன் கேட்பின், ஊசியை நும் கையிலும் தருவர்.