அப்பாவின் ஃபிலிம் கேமராவைத் திறக்கப் போகிறீர்களா? முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கவனியுங்கள்!

பீரோவில் தூங்கும் அப்பாவின் ஃபிலிம் கேமராவை நீங்களே சரிசெய்ய ஆசையா? கையில் கிடைத்த ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடாதீர்கள்!

நிக்கான், யாஷிகா, பென்டாக்ஸ் போன்ற ஜப்பான் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பவை 'ஜே.ஐ.எஸ்' வகை ஸ்க்ரூக்கள். வழக்கமான பிலிப்ஸ் முனை இவற்றில் முழுதாக உட்காராது. வழுக்கி, ஸ்க்ரூ தலையை மழுக்கிவிடும். பிறகு அதைக் கழற்றுவதே பெரும்பாடு. அளவு பார்த்து ஜே.ஐ.எஸ் டிரைவரே வாங்குங்கள். நேராக அழுத்தித் திருப்புங்கள்.

லென்ஸ் வளையத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தால் லென்ஸ் ஸ்பேனர். எதுவும் இல்லாவிட்டால் வளையத்தின் அளவுக்கேற்ற ரப்பர் குமிழ். குறடு வேண்டவே வேண்டாம்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயே ஃபிளாஷ் உள்ள கேமராவா? பேட்டரியை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். அதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.