வெண்டைக்காயைப் பாகம் செய்தலும் வற்றலாகச் சேமித்தலும்

ஆடிக் கிருத்திகையை முன்னிட்டுத் திருத்தணி மலையில் காவடிகள் ஏறும் நாட்களில், சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் பலர் தோட்ட வேலையை இரண்டு மூன்று நாட்கள் நிறுத்திவிட்டுக் குடும்பத்துடன் சுவாமி தரிசனத்திற்குச் செல்வதுண்டு. வைகாசிக் கடைசியில் விதைத்த வெண்டை அப்பொழுதுதான் காய்ப்புக்கு வந்திருக்கும். திரும்பி வந்து பார்க்கையில், புறப்பட்ட அன்று விரல் நீளமிருந்த பிஞ்சுகள் முற்றி நார் பாய்ந்து நிற்கும். அவற்றைச் சந்தையில் எவரும் விரும்பி வாங்கார். வீட்டுச் சமையலுக்கும் உதவா. மாட்டுக்குப் போடுவதே மிச்சம்.

விழா இல்லாத காலத்திலும் இந்நஷ்டம் வேறு வகையில் நேரிடும். எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே காய்க்கும்பொழுது விலை இறங்கிப் பறிகூலிக்கும் கட்டாமற் போவதுண்டு. பின்னர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே குடும்பம் காய்கறியை விலை கொடுத்து வாங்குகிறது. மிஞ்சுங் காயை உரிய பருவத்தில் வற்றலாக்கி வைத்துக்கொண்டால் இவ்விரு கஷ்டங்களும் ஓரளவு நீங்கும்.

பறிக்கும் பருவம்

விதைத்த சுமார் 45 நாட்களில் முதற்பறிப்பு தொடங்கும். பூ மலர்ந்த 5 முதல் 7 நாட்களுக்குள் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியை விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிவது இளங்காய். ஒடியாமல் மடங்குவது முற்றல். ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாது பறித்தல் அவசியம். முற்றிய காய் செடியிலேயே தங்கினால், செடியின் சத்து விதை முற்றுவதிற் செலவாகிப் புதுக் காய்ப்பு குறையும். ஆகையால் வெளியூர் செல்வோர் அண்டை வீட்டாரிடமாவது பறிப்பை ஒப்படைத்துச் செல்வது நலம். பூச்சிமருந்து தெளித்திருந்தால், மருந்துச் சீட்டிற் கண்ட நாட்கள் கழியுமுன் பறிக்கலாகாது.

வழவழப்பை அடக்கும் வகை

வெண்டைக்காயை வெறுப்போர் வெறுப்பது அதன் வழவழப்பையே. காயிலுள்ள பசை போன்ற பொருள் நீரிற் கரைந்து கொழகொழப்பாகின்றது. ஆதலால் முழுக்காயாகவே கழுவித் துணியால் ஈரமறத் துடைத்த பின்னரே நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவுவது பெருந்தவறு. அகன்ற சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, மூடாமல் வதக்கினால் ஈரம் ஆவியாகி வழவழப்பு அடங்கும். புளி, தயிர், எலுமிச்சை முதலிய புளிப்புப் பதார்த்தங்களும் அதைக் குறைக்கும். உப்பு நீரை வெளிப்படுத்துமாதலால் அதைக் கடைசியிற் சேர்ப்பது நன்று. புளி சேர்ந்த கறியை இரும்புச் சட்டியிற் சமைத்தால் காய் கறுத்துவிடும். கலாய் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களிற் சமைப்பது தேகத்திற்கே கெடுதி.

திருத்தணி வட்டாரம் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இப்பிரதேசத்தில் பாகமும் இருவகைப்படும். தெலுங்கு வீடுகளின் பெண்டகாய புலுசில், வதக்கிய காயை வெங்காயம், மிளகாய்த்தூள், புளிக்கரைசல், சிறிது வெல்லம் ஆகியவற்றுடன் கொதிக்க விடுவர். தமிழ் வீடுகளின் மோர்க்குழம்புக்கு, கால் கிலோ காயைத் தனியே வதக்கி வைத்துக்கொண்டு, ஊறிய துவரம்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதை அரை லிட்டர் புளித்த மோரிற் கரைத்துச் சூடேற்றுவர். நுரை கூடும் தருணத்தில் இறக்கிக் காயைச் சேர்க்க வேண்டும். நெடுநேரம் கொதித்தால் மோர் திரிந்துவிடும். வெண்டையின் வழவழப்பை இவ்விடத்து மாதர் ஒருபுறம் புளியாலும் மறுபுறம் மோராலும் வென்றிருப்பது கவனிக்கத்தக்கது.

பச்சையாக வைத்திருத்தல்

பறித்த காயைக் கழுவாமல் நிழலிற் பரப்பித் துணிப்பையிலிட்டு வைக்கலாம். குளிர்ப்பெட்டியிலும் மிகக் குளிர்ந்த பாகத்தில் வைத்தலாகாது. 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் நாளடைவில் காயிற் கரும்புள்ளி விழும். இரண்டு மூன்று நாட்களுக்குள் உபயோகித்துவிடுவதே உசிதம். வெந்த காயை வெறும் உப்புநீருடன் புட்டியில் அடைத்து வைப்பது அபாயகரமானது. வெண்டை புளிப்புக் குறைந்த காயாதலால், காற்றில்லாப் புட்டியில் கொடிய விஷக்கிருமி வளரக்கூடும்.

வற்றல் போடும் முறை

மாசியில் விதைத்த வெண்டை சித்திரை, வைகாசியிற் காய்க்கும். அப்போதைய வெயிலே வற்றலுக்கு ஏற்றது. ஆடி, ஆவணியிற் போடுவோர் மாலை மழையை எதிர்பார்த்துச் சிறு அளவாகப் போட வேண்டும்.

இளங்காய் 1 கிலோவைக் கழுவித் துடைத்து, காம்பும் நுனியும் நீக்கி, ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக நறுக்கவும். கெட்டியான புளித்த தயிர் 150 கிராம், தூளுப்பு 30 கிராம், சிறிது பெருங்காயம் ஆகியவற்றைக் கலந்து வில்லைகளின்மேற் பிசறி, உடனே சுத்தமான துணியிலோ பாயிலோ ஒன்றோடொன்று ஒட்டாமற் பரப்ப வேண்டும். மிளகாயைப் போல் இரவு முழுவதும் மோரில் ஊறவைக்கும் முறை வெண்டைக்குப் பொருந்தாது. பசை வெளிப்பட்டு வில்லைகள் ஒட்டிக்கொள்ளும். தூசியும் ஈயும் அணுகாதபடி மெல்லிய துணியால் மூடி, நடுப்பகலில் ஒருமுறை புரட்டிவிடவும். பனிபடாமல் மாலையில் வீட்டினுள் எடுத்துவிட வேண்டும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்களிற் காயும். ஒடித்தால் சத்தத்துடன் முறிவதே சரியான பக்குவம். வளைந்தால் இன்னும் ஈரமுண்டு.

வெயிற்சூடு ஆறிய பின்னரே உலர்ந்த கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ இறுக மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை வெயிற் காட்டி வைப்பது நலம். பூசணம் கண்ட வற்றலை எறிந்துவிட வேண்டும். பொரித்தாலும் பூசண விஷம் முற்றும் நீங்காது.

பொரிக்கும்பொழுது எண்ணெய் மிதமாகக் காய்ந்தாற் போதும். வற்றற்குழம்பிற்கும் இது சிறந்தது. உப்பு மிகுதியாதலால் ரத்த அழுத்தமுள்ளோர் அளவாக உண்ண வேண்டும். வெயிலிற் காயும்பொழுது வைட்டமின் ‘சி’ பெரும்பாலும் அழிவதால், பச்சைக்காய் கிடைக்குங் காலத்தில் அதையே உண்பது மேல்.

லாப நஷ்டக் கணக்கு

பச்சை வெண்டைக்காயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நீரே. எனவே 10 கிலோ காயிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ வற்றலே கிடைக்கும். வற்றலை விற்க நினைப்போர், பச்சைக்காய் விலையைப் பத்தால் பெருக்கி, தயிர், உப்பு, கூலி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே விலை கூற வேண்டும். சந்தையில் காய்க்கு நல்ல விலையுள்ள நாளில் அதைக் காயாகவே விற்றுவிடுவது புத்திசாலித்தனம். விலை வீழ்ந்த நாளின் மிச்சமே வற்றலுக்கு உரியது. வியாபாரமாகச் செய்வோர் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்வதும் அவசியம்.

உலர்த்தி வைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. துருக்கியில் சிறு பிஞ்சுகளை நூலிற் கோத்துக் காயவைக்கின்றனர். சூடானில் உலர்ந்த வெண்டையைப் பொடித்து வைத்துக் குழம்பைக் கெட்டியாக்க உபயோகிக்கின்றனர். நெடுநாள் வறட்சியுள்ள அத்தேசங்களில் வெயிலே பண்டசாலையாக உதவுகின்றது.

முற்றிய காயை எந்த வெயிலும் இளங்காயாக்காது. நாரோடு காய்ந்தது நாராகவே பொரியும். ஆகவே நல்ல வற்றல் பாயிலன்று, செடியிலேயே தொடங்குகின்றது. உரிய நாளிற் பறித்து, மிச்சத்தை அன்றே நறுக்கி உலர்த்தும் குடும்பத்திற்குக் கார்த்திகை மழையிலும் கறிக்குக் குறைவிராது.