மிளகாய்ப் புன்செய் மருந்தும் கர்ப்பத்திலுள்ள ஆண் சிசுவும்

கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகளின் புன்செய்களில் விளையும் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பயிரில் இலைப்பேனும் காய்ப்புழுவும் கண்டவிடத்துக் குடியானவர்கள் மருந்து தெளிப்பது வழக்கம். களையெடுப்போரும் பழம் பறிப்போரும் பெரும்பாலும் ஸ்திரீகளே. ஆகையால், சில மருந்துகள் கர்ப்பத்திலுள்ள ஆண் சிசுவுக்கு விளைக்கக்கூடிய தீங்கை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

கருவுற்று எட்டு வாரமாகும் தறுவாயில் ஆண் சிசுவின் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஆணுறுப்பு சரிவர அமைவதும், வயிற்றினுள் இருக்கும் விரைகள் பின்னர்ப் பைக்குள் இறங்குவதும் இச்சுரப்பைப் பொறுத்தவை. இதன் வேலையைச் சில இரசாயனங்கள் தடுக்கின்றன. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ. அத்தகையது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1995-இல் எலிகளில் சோதித்து வெளியிட்டனர்.

டென்மார்க்கில் கண்ணாடிக் கூடங்களில் பயிர்வேலை செய்த ஸ்திரீகளின் ஆண் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. கர்ப்பகாலத்தில் மருந்து பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் விரை இறங்காமை மிகுதியாகக் காணப்பட்டது. நம் நாட்டில், கேரளத்துக் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் 2000-ஆம் ஆண்டு வரை ஆகாயவிமானத்தினின்று தெளிக்கப்பட்டது. அங்கே ஒரு கிராமத்துச் சிறுவர் 117 பேரைச் சோதித்து 2003-இல் வெளியான ஆராய்ச்சி, அவர்கள் பருவமடைதல் தாமதப்பட்டதைக் காட்டியது. பிறவிக் குறைகளும் சற்று அதிகமாயிருந்தன. எனினும் அவ்வேற்றுமை முடிவு கூறப் போதியதன்று. 2011-இல் உச்சநீதிமன்றம் அம்மருந்தைத் தடுத்தது.

இதில் கவனிக்கத்தக்கது காலமே. கர்ப்பம் உறுதிப்படுவதற்குள் உறுப்புகள் அமையும் நாள் நெருங்கிவிடும். ஆதலால் கர்ப்பிணிகளை மட்டுமன்றி, பிள்ளை பெறும் வயதிலுள்ள ஸ்திரீகள் எவரையும் மருந்து கலக்கவோ தெளிக்கவோ ஏவலாகாது. பெட்டியில் குறித்த கெடு கழியுமுன் புன்செய்க்குள் ஆள் விடலாகாது. தெளிப்பானை ஊருணியில் கழுவுவதையும், காலி டப்பாக்களில் குடிநீர் எடுப்பதையும் கிராம அதிகாரிகள் தடுத்தல் வேண்டும்.

பூச்சி குறைவாயிருக்கையில் வேப்பங்கொட்டைச் சாறு உதவும். பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

பிறந்து ஆறு மாதமாகியும் விரை இறங்காத குழந்தையைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அறுவைச் சிகிச்சையால் இக்குறையைத் திருத்தலாம். இதனை மறைத்து வைத்தல் குழந்தைக்கே கேடாகும்.